30 நாள் எதை அளக்கிறது?

சின்சில்லா என்ற மென்மயிர்க் கொறிவிலங்கு ஒன்று புதிதாக வீட்டுக்கு வந்தால் அதை 30 நாள் தனி அறையில் வைத்திருந்து, பிறகே பழையவற்றோடு சேர்க்க வேண்டும். வளர்ப்போரிடையே இந்த விதிக்கு மறுப்பு இல்லை, எண்ணில்தான் பேதம். 14 போதும் என்கிற கட்சி உண்டு, 60 என்கிற கட்சி உண்டு, 90-க்கு ஒரு நாள் குறைந்தாலும் ஒப்பமாட்டோம் என்கிற கட்சியும் உண்டு. எல்லாரும் ஒரே உறுதியோடு பேசுகிறார்கள். அந்த எண்ணுக்கு எதை அளந்து வந்தார்கள் என்பதைச் சொல்வார் அரிது. மறுப்பில்லாமல் புழங்கும் விதிகளைத்தான் முதலில் உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உரைகல் எது என்பதை முன்னரே சொல்லிவிடுவது நேர்மை. தனிமைப்படுத்தலை ஒரு சடங்காக அல்ல, ஒரு சோதனையாகவே இங்கே மதிப்பிடுகிறேன். சோதனைக்குத் தெளிவான கேள்வி வேண்டும்; அதற்கு விடை தரவல்ல முறை வேண்டும்; விடை பாதகமாக வந்தால் என்ன செய்வது என்பது தொடங்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த வழியில் பரவும், எதைக்கொண்டு கண்டறிவோம், எத்தனை நாளில் தெரியும்? இவற்றுக்குப் பதில் தராத நாள்கள் வெறும் காத்திருப்பு. காத்திருப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அது சோதனை ஆகாது.

இந்த விதியின் தருக்கம் மிகச் செம்மையாக நிற்குமிடம் எலி வளர்ப்பு. எலிகளைத் தாக்கும் ஒரு கொரோனா வைரஸ் இருக்கிறது; உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் வீங்கவைக்கும். மிக வேகமாகப் பரவும், விரைவாகவே தீர்ந்தும்விடும். தொற்றிய எலி ஏறத்தாழ ஒரு வாரம் கிருமியை வெளியேற்றிவிட்டு நோயெதிர்ப்பு பெற்றுவிடுகிறது. ஆயுளுக்கும் சுமந்து திரிவதில்லை. ஆகவே இரண்டு மூன்று வாரம் பிரித்து வைத்தால், எந்த ஆய்வகமும் இல்லாமலே கேள்வி தீர்ந்துவிடும். நோய் இருந்தால் வெளிப்படும், வெளிப்படாமல் இருந்தாலும் அடங்கும். அங்கே காலமே பரிசோதகர். விதிக்கும் நோயின் இயல்புக்கும் இடையே இவ்வளவு பொருத்தம் இருப்பதால்தான் எலிக்காரர்களின் தனிமைப்படுத்தல் முறைமையாக மதிக்கத் தக்கது.

சின்சில்லாவுக்கு அப்படிப்பட்ட நோய் எது என்று தேடிப் பாருங்கள். பட்டியலில் இருப்பவை படர்தாமரைப் பூஞ்சை, ஜியார்டியா, சூடோமோனாஸ், லிஸ்டீரியா, யெர்சினியா, சில சுவாசப் பாக்டீரியாக்கள். பெரும்பாலும் இவை இரண்டு வகையில் அடங்கும். ஒன்று, நலமாகத் தோன்றும் விலங்கு மாதக்கணக்கில் சுமந்து திரியும் கிருமி. மற்றொன்று, சூழலிலேயே குடியிருந்து, விலங்கு தளரும் தருணம் பார்த்துத் தாக்கும் கிருமி. முதல் வகை காத்திருந்தால் வெளிப்படாது; இரண்டாம் வகை பெரும்பாலும் புதுவரவோடு சேர்ந்து வருவதில்லை, அல்லது வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. எலியின் கடிகாரத்தைக் கொண்டுவந்து சின்சில்லாவின் கூண்டில் மாட்டினால் அது ஓடும். காட்டுவது வேறு ஊர் நேரம். இந்த விதியின் அடிப்படைக் குறை இதுவே. மற்ற குறைகள் பலவும் இதன் கிளைகள்.

இருந்தும் விதி முற்றிலும் தோற்றுவிடவில்லை. காப்பாற்றுவது படர்தாமரை. சின்சில்லாவில் இதை உண்டாக்குவது பெரும்பாலும் டிரைகோஃபைட்டான் மென்டாக்ரோஃபைட்ஸ் என்ற பூஞ்சை. தொற்றியபின் அரும்ப ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். மூக்கைச் சுற்றி, கண் ஓரம், காது, பாதம், வால் அடி ஆகிய இடங்களில் மயிர் உதிர்ந்து செதில் தட்டும். மனிதருக்கும் ஒட்டும், குழந்தைகளுக்கு எளிதாக ஒட்டும். சிக்கல் என்னவென்றால், சின்சில்லாவின் ஒரே மயிர்க்காலிலிருந்து 50-க்கும் மேற்பட்ட மென்மயிர்கள் கிளம்புகின்றன. நிலத்தில் வாழும் விலங்குகளில் இவ்வளவு அடர்த்தி வேறெதற்கும் இல்லை என்றே சொல்லிவிடலாம். அந்த அடர்த்தி பேனையும் உண்ணியையும் பெரும்பாலும் அண்டவிடுவதில்லை. ஆனால் பூஞ்சையின் வித்துகளை அழகாக மறைத்துவைக்கும். தோலில் ஒரு வடுவும் இல்லாமல் வித்துகளை மட்டும் சுமக்கும் விலங்குகள் உண்டு. அவற்றை 30 நாள் கண்கொட்டாமல் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

தெரியவைக்க ஒரு வழி இருக்கிறது. புதிய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து உடல் முழுதும் சீவி, அதில் சிக்கிய மயிரையும் துகளையும் வளர்ப்பு ஊடகத்தில் பதித்து விடுவது. பூனைகளுக்காகப் புகழ்பெற்ற முறை, இங்கும் பொருந்தும். பூஞ்சை மெதுவாக வளரும். 'இல்லை' என்று உறுதி சொல்ல மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் 30 என்ற எண்ணுக்கு முதன்முறையாக ஓர் அர்த்தம் பிறக்கிறது. முதல் நாளே மாதிரி எடுத்தால், அரும்பு காலமும் சோதனை முடிவும் ஒரே மாதத்துக்குள் அடங்கிவிடும். மாதிரி எடுக்காவிட்டால் அதே 30 நாள் அரும்பு காலத்தை மட்டும் தாண்டும். சுமந்து திரியும் விலங்கைத் தொடவே தொடாது. 14 நாள் கட்சி இந்த ஒரு கேள்வியிலேயே தோற்கிறது. அந்தக் கெடு அரும்பு காலத்தையும் முழுதாகக் கடப்பதில்லை, சோதனை முடிவு வரும்வரையும் நிற்பதில்லை.

பூனை உலகிலிருந்து இன்னொன்றும் கடன் வாங்கியிருக்கிறார்கள். அது பொருந்தாத கடன். ஊதா விளக்கைப் பிடித்துப் பார், பச்சையாக ஒளிர்ந்தால் படர்தாமரை என்ற அறிவுரை இன்றும் உலவுகிறது. பூனைகளில் மிகுதியாகக் காணும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் அந்த ஒளியில் மிளிரும், டிரைகோஃபைட்டான் மிளிராது. சின்சில்லாவின் மேல் விளக்கைப் பிடித்து இருட்டைக் கண்டு நிம்மதி அடைபவர், விடை தராத கருவியிடம் விடை வாங்கிக்கொண்டவர். மரபணுச் சோதனை சில நாளிலேயே முடிவு சொல்லிவிடும். இறந்த வித்தையும் உயிருள்ள வித்தையும் பிரித்துச் சொல்லாது. ஆகவே வந்தவுடன் வடிகட்ட அது நல்லது, சிகிச்சை முடிந்ததா என்று தீர்மானிக்க அது போதாது.

வளர்ப்போரின் பழக்கம் ஒன்று இந்தச் சோதனையை உள்ளிருந்தே குலைக்கிறது. புதுவரவு புரண்டு குளிக்கும் மண்ணில் முன்னெச்சரிக்கையாகப் பூஞ்சைக்கொல்லிப் பொடியைக் கலந்துவிடுகிறார்கள். நோக்கம் நல்லது. விளைவு என்ன? வடு மங்கும், மாதிரியில் வளர்ச்சி குன்றும், பூஞ்சை மட்டும் எங்கோ இருக்கும். கண்டறியவென்று ஒதுக்கிய மாதத்திலேயே கண்டறிய முடியாதபடி செய்வது முறைமைப் பிழை. மருந்து தவறு என்பதில்லை, மாதிரிக்கு முன்னால் மருந்து தவறு. பாக்டீரியா மருந்துகளில் இதே அவசரம் உயிருக்கே உலை வைக்கும். பென்சிலின் வகையையோ கிளிண்டமைசின், லிங்கோமைசின் ஆகியவற்றையோ வாய்வழி கொடுத்தால் சின்சில்லாவின் பெருங்குடல் நுண்ணுயிர்கள் சரிந்து, நச்சு உமிழும் கிளாஸ்டிரிடியம் மேலோங்கி விலங்கு இறக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக் கொடுப்பது இங்கே கவனக்குறைவின் பெயர்.

அடுத்தது ஜியார்டியா. இங்கே விதியின் நிலை இன்னும் சங்கடமானது. பெல்ஜியத்தில் 80 வளர்ப்புச் சின்சில்லாக்களை ஆய்ந்து 2011-இல் வெளியான முடிவில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் இந்த ஒட்டுண்ணி இருந்தது. மிகப் பல விலங்குகள் இதைச் சுமந்தபடியே நலமாக இருக்கின்றன. சில மட்டும் கழிந்து மெலிகின்றன. ஒட்டுண்ணியின் கூடுகள் மலத்தில் தினமும் வெளிவருவதில்லை, விட்டு விட்டு வரும். ஒரே நாள் மாதிரி எடுத்து 'இல்லை' என்று எழுதுவது அரைச் சோதனை. சில நாள் இடைவெளியில் மூன்று மாதிரிகளாவது வேண்டும், அல்லது எதிர்ப்பொருள் தூண்டியைக் கண்டறியும் சோதனை வேண்டும். சரி, எல்லாம் முறையாகச் செய்து 'இருக்கிறது' என்றே வந்துவிட்டது. பிறகு? தனிமைப்படுத்தல் பற்றிய கையேடுகள் பல இங்கே மௌனம் காக்கின்றன. பழைய கூட்டத்திலும் அது இருக்கக்கூடும் என்றால் புதியதை மட்டும் தடுத்து நிறுத்துவதில் என்ன நியாயம்?

இந்தக் கேள்வி ஜியார்டியாவோடு நிற்பதில்லை. புதியது குற்றவாளி, பழையவை நிரபராதிகள் என்பது இந்த விதியின் பேசப்படாத முன்னுமானம். வீட்டில் ஐந்தாண்டாக இருக்கும் சின்சில்லாவை யார் எப்போது சோதித்தார்கள்? நலமாக இருக்கிறது என்பது நோயற்றது என்பதற்குச் சான்று ஆகாது. மேலே சொன்ன பட்டியல் முழுதும் அதற்குத்தான் சாட்சி. பயணத்தால் களைத்து, தீவனம் மாறி, இடம் மாறி வந்திருக்கும் விலங்குதான் இரு தரப்பிலும் எளிதில் வீழக்கூடியது. அதைப் பழைய கூட்டத்தின் கிருமிகளிடமிருந்து காப்பது பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை. மாதிரி எடுப்பதென்றால் இரு பக்கமும் ஒரே வாரத்தில் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்த முடிவு பாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்பெழுதியது.

பக்கம் இரண்டு என்று சொன்னேன். மூன்றாவது ஒன்றும் உண்டு. மனிதரின் உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் சின்சில்லாவின் மூளையைத் தாக்கியதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. அரிது, ஆனால் பதிவானது. உதட்டில் கொப்புளத்தோடு புதுவரவை முத்தமிடுகிறவர் அந்த அறையில் நுழையும் எந்தக் கிருமியைத் தடுத்துக்கொண்டிருக்கிறார் என்று யோசிக்கலாம்.

சூடோமோனாஸ், லிஸ்டீரியா, யெர்சினியா மூன்றையும் விரைந்து கடந்துவிடலாம், ஏனென்றால் நாள்கணக்கு இவற்றின் முன் ஏறத்தாழ செயலற்றது. சூடோமோனாஸ் தண்ணீர்ப் புட்டியின் குழாயில், ஈரத்தில் வாழும். நலமான விலங்கிலும் இருக்கும். தளர்ந்தால் கண், காது, நுரையீரல், கருப்பை என்று பாயும். லிஸ்டீரியாவும் யெர்சினியாவும் பெரும்பாலும் கெட்ட தீவனம் வழியாகவும், காட்டெலிகளும் பறவைகளும் அசுத்தப்படுத்திய உலர்புல் வழியாகவும் நுழைகின்றன. மென்மயிர்ப் பண்ணைகளில் லிஸ்டீரியா கொத்துக் கொத்தாகக் கொன்ற வரலாறு துறையினர் அறிந்ததே. புதிதாக வாங்கிய விலங்கை ஒரு மாதம் பூட்டிவைத்துவிட்டு, புதிதாக வாங்கிய புல் மூட்டையை அன்று மாலையே எல்லாக் கூண்டிலும் பிரித்துப் போடுகிறோம்.

இனிப் பிரித்துவைக்கும் முறைக்கு வருவோம். நாள்கணக்கில் தடுமாறும் விதி இங்கே நிமிர்ந்து நிற்கிறது. தனி அறை, தனிக் கூண்டு, தனிப் பாத்திரம், தனி மண். பழையவற்றுக்கு முதலில் பணி, புதியதற்குக் கடைசியில். வெளியே வந்ததும் மேலுடை மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவுதல். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. குறிப்பாகத் தனி அறை. பலர் நினைப்பதுபோல் மூச்சுக்காற்றுக்காக மட்டும் அல்ல. சின்சில்லாவின் மயிர் பஞ்சாகப் பறக்கும். மண்குளியலில் நுண்தூசி அறை முழுதும் எழும். பூஞ்சை வித்து இந்த இரண்டிலும் ஏறிப் பயணம் செய்யும். ஒரே அறையில் இரண்டு மீட்டர் தள்ளிக் கூண்டு வைத்துவிட்டுத் தனிமைப்படுத்தினேன் என்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. ஒரே குளிர்காற்றுக் குழாய் இரண்டு அறைக்கும் ஓடினாலும் அப்படித்தான், என்ன, குறைந்த அளவில்.

கைச் சுத்தத்தில் ஒரு குறையைச் சுட்டத்தான் வேண்டும். கதவருகே சானிடைசர் புட்டி வைப்பது போதும் என்று பரவலாக நம்புகிறார்கள். ஆல்கஹால் பல பாக்டீரியாக்களுக்கு நல்ல எதிரி. படர்தாமரை வித்தையும் ஜியார்டியாவின் கூட்டையும் அதை நம்பி எதிர்கொள்ள முடியாது. இந்த இரண்டுதான் நம் பட்டியலில் தனிமைப்படுத்தலால் தடுக்கத்தக்கவை என்று மேலே கண்டோம். தேர்ந்தெடுத்த ஆயுதம், தேர்ந்தெடுத்த பகை இரண்டையும் சரியாகத் தவறவிடுகிறது. ஓடும் நீரில் சோப்புத் தேய்த்துக் கழுவுவதே மேல். கூண்டென்றால் முதலில் மயிரையும் புழுக்கையையும் தேய்த்து அகற்றி, பிறகு நீர்த்த பிளீச்சோ ஹைட்ரஜன் பெராக்சைடு வகைக் கிருமிநாசினியோ போட்டு, கடைசியில் நன்கு உலரவிட வேண்டும். உலர்ச்சியே ஜியார்டியாவைக் கொல்லும். மரப் பலகைகளும் மரப்பெட்டியும் தேறாது, எரித்துவிடலாம்.

இந்த விதியை எழுதியவர்கள் கண்முன் வைத்திருந்த வீடு குளிர்நாட்டு வீடு. சின்சில்லா ஆண்டஸ் மலையின் உலர்ந்த குளிரில் தோன்றியது. வியர்க்காது, அடர்ந்த மயிர் வெப்பத்தை விடாது, 27, 28 பாகைக்கு மேல் ஈரப்பதமும் சேர்ந்தால் சுருண்டு விழும். 1923-இல் சாப்மன் என்ற அமெரிக்கர் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஒரு டசன் அளவில் சின்சில்லாக்களைக் கொண்டுபோனபோது, மலையிலிருந்து படிப்படியாக, மாதக்கணக்கில் கீழிறக்கிப் பழக்கினார் என்பது எல்லாரும் அறிந்த கதை. அவருடைய கவலை கிருமியைவிட வெப்பத்தைப் பற்றியது. கூடுதல் அறை என்ற பெயரில் குளியலறையையோ கார் கொட்டகையையோ ஒதுக்குபவர்கள் அந்தக் கவலையை மறந்துவிட்டார்கள். குளிர்சாதனம் ஒரே அறையில் உள்ள வெப்பநாட்டு வீட்டில், வெக்கையான இரண்டாம் அறையில் வைத்துக் காப்பாற்றும் விதி, படர்தாமரையைத் தடுத்து வெப்பத்தால் கொல்லும் விதி. அங்கே இரண்டாம் அறையைக் குளிர்விக்க முடியாதென்றால், இரண்டாம் சின்சில்லா வேண்டாம் என்பதே முறையான முடிவு. கையேடுகள் சொல்லத் தயங்கும் முடிவும் அதுதான்.

தனிமையின் விலையையும் கணக்கில் வைக்க வேண்டும். பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழும் விலங்கு இது. ஒரு மாதம் தனியே அடைத்து வைப்பது அதற்கு இயல்பான நிலை அல்ல. அழுத்தம் கூடினால் மயிரைத் தானே கடித்துக் குதறும், உணவைக் குறைக்கும், உணவு குறைந்தால் குடல் அசைவு நிற்கும். இதில் ஒரு முரண் உள்ளடங்கியிருக்கிறது. அழுத்தம் மறைந்த நோயை வெளிக்கொணரும் என்பதால் சோதனைக்கு அது உதவுகிறது. அதே அழுத்தம் இல்லாத நோயை உண்டாக்கும் என்பதால் சோதனையைக் கெடுக்கவும் செய்கிறது. 90 நாள் கட்சியினர் இந்த இரண்டாம் பாதியைப் பார்ப்பதில்லை. மாதிரி எடுக்காத 90 நாள், மாதிரி எடுக்காத 30 நாளைவிடக் கூடுதலாகத் தருவது அநேகமாகத் தனிமை மட்டுமே. அவர்களுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: முதல் மாதிரி கெட்டதாக வந்து, சிகிச்சை தொடங்கி, மறுமாதிரிகள் எடுத்தால் கணக்கு இயல்பாகவே மூன்று மாதத்தைத் தொட்டுவிடும். எண் சரியாக இருக்கக்கூடும்; அதை எல்லாருக்கும் முன்கூட்டியே விதிப்பதற்கான வாதம்தான் இல்லை. ஒரே இடத்தில் ஒன்றாக வளர்ந்த இரண்டை ஒன்றாக வாங்கி ஒன்றாகவே பிரித்துவைப்பது இந்த விலையைக் குறைக்கும் நேர்த்தியான வழி. இரண்டும் ஏற்கெனவே ஒரே கிருமிகளைப் பகிர்ந்தவை என்பதால் சோதனைக்கும் பழுதில்லை.

காத்திருப்புக்கு ஒரு மதிப்பு உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். விதியின் ஆதரவாளர்களே அதை அதிகம் உரிமை கோருவதில்லை என்பது வியப்பு. அடர்ந்த மயிர் மெலிவை மறைக்கும். கண்ணால் பார்த்து எடை குறைந்ததைச் சொல்ல முடியாது. 500 கிராம் விலங்கு 50 கிராம் இழந்தால் அது பத்தில் ஒரு பங்கு, ஆனால் பார்வைக்கு அதே உருண்டை. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வந்தால், மாத முடிவில் அந்த விலங்குக்கே உரிய இயல்பு நிலை கையில் இருக்கும். எவ்வளவு புல் தின்கிறது, எந்த அளவுப் புழுக்கை போடுகிறது, பெல்லட்டைக் கடிக்கும்போது முகம் சுளிக்கிறதா, தாடை ஈரமாக இருக்கிறதா? ஒன்றாக விட்டபின் எந்தப் புழுக்கை யாருடையது என்று சொல்ல முடியாது, யார் தின்னவில்லை என்றும் தெரியாது. பல் வேர் நீண்டு வளரும் கோளாறு தொற்றுவதே இல்லை. அதைத் தனிமைப்படுத்தல் தடுக்காது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் ஆகச் சிறந்த வாய்ப்பு இந்த மாதம்தான். தொற்றுத் தடுப்பாகத் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளும் விதி, தனிமனிதக் கவனிப்பாகத்தான் அதிகம் சாதிக்கிறது. விலங்கைப் பற்றிப் பேசும்போது 'தனிமனித' என்று எழுதியது பிசகல்ல. அவ்வளவு நெருக்கமான கவனிப்பு அது.

அந்தக் கவனிப்பிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பெண் சின்சில்லாவின் சிறுநீர்த் துளை கூம்பாகத் துருத்தி நிற்பதால் ஆண் என்று தவறாக விற்கப்படுவது சாதாரணம். ஆணும் பெண்ணும் கலந்திருந்த கூண்டிலிருந்து வந்த பெண் கருவுற்றிருக்கலாம். கர்ப்ப காலம் 111 நாள். 30 நாள் முடிந்து சோதனைகள் எல்லாம் தேறி, ஆணோடு சேர்த்தபின் குட்டி பிறக்கும். பிறந்த கையோடு அந்தப் பெண் மறுபடி கருத்தரிக்கத் தயாராக இருக்கும். பாலினத்தைச் சரிபார்ப்பது முதல் நாள் வேலை: கூம்புக்கும் மலத்துளைக்கும் இடையே உள்ள தொலைவைப் பார்த்தால் போதும், பெண்ணில் ஏறத்தாழ ஒட்டியிருக்கும், ஆணில் இடைவெளி தெரியும். கர்ப்பத்துக்கு எடைக் குறிப்பும், ஐயம் வந்தால் அல்ட்ராசவுண்டும். தொற்றுநோயை மட்டுமே பேசும் கையேடு இதை விட்டுவிடுவது மன்னிக்கத்தக்க விடுபடல் அல்ல. வீட்டு வளர்ப்பில் எதிர்பாராமல் வந்து சேரும் விருந்தாளிகளில் கிருமியைவிடக் குட்டி அரிதானதல்ல.

ஒப்பீட்டுக்கு ஆய்வக உலகைப் பார்க்கலாம். செவிநோய் ஆராய்ச்சியில் சின்சில்லா நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அதன் கேள்திறன் எல்லை மனிதரோடு நெருங்குகிறது. ஆனால் ஐரோப்பிய ஆய்வக விலங்கியல் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெலாசா 2014-இல் வெளியிட்ட நலக் கண்காணிப்புப் பரிந்துரை சுண்டெலி, எலி, வெள்ளெலி, கினிப்பன்றி, முயல் என்ற ஐந்துக்குத்தான். எந்தக் கிருமியை, எத்தனை விலங்கில், எவ்வளவு இடைவெளியில் தேடுவது என்று அந்த ஐந்துக்கும் தெளிவு இருக்கிறது. அதில் சின்சில்லாவுக்கு இடமில்லை. ஆகவே வீட்டு வளர்ப்போரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. பின்பற்ற ஒரு செந்தர நெறியே கையில் இல்லை; இருந்து அதை அவர்கள் புறக்கணித்துவிடவில்லை. சோதனைக் கட்டணம் பல நேரம் விலங்கின் விலையையே எட்டிப்பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் பணமில்லை என்பது சோதனை செய்யாததற்குக் காரணம் ஆகலாம். செய்யாத சோதனையைச் செய்ததாகக் காட்டும் எண்ணுக்குக் காரணம் ஆகாது.

தீர்ப்பு இதுதான். பிரித்துவைக்கும் முறைமையில் விதி தேறுகிறது, நன்றாகவே தேறுகிறது. நாள்கணக்கில், சோதனையோடு சேர்ந்தால் மட்டும் தேறுகிறது. தனித்து நின்றால் படர்தாமரையின் அரும்பு காலம் என்ற ஒரே கேள்விக்கு விடை தந்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. முன்னுமானத்தில், பழையவற்றைச் சோதிக்காத வரை, தேறவில்லை. 30 என்ற எண்ணை நான் ஏற்கிறேன், ஆனால் அது விலங்கு வந்த நாளிலிருந்து ஓடக் கூடாது, மாதிரி எடுத்த நாளிலிருந்து ஓட வேண்டும். இடையில் இன்னொரு புதுவரவு அந்த அறைக்குள் நுழைந்தால் எல்லாருக்கும் மறுபடி ஒன்றிலிருந்து. வீட்டில் ஒரே ஒரு சின்சில்லா இருந்து துணைக்கு இன்னொன்று வருகிறது என்றால், காக்கப்படுவது ஓர் உயிர், தனித்திருப்பவை இரண்டு. அங்கே முடிவு வந்த அன்றே சுவரைத் தகர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. கூட்டம் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அறிமுகப்படுத்தும் கட்டம் வேறு கலை, அதைத் தனிமைப்படுத்தலோடு குழப்புவதுதான் கடைசிப் பிழை. கூண்டுகளை அருகருகே வைத்து, படுக்கைகளை மாற்றி, ஒரே மண்ணில் குளிக்கவிட்டு மணத்தைக் கலப்பது நட்புக்கு நல்ல வழி. பெண் பெரியது, சினந்தால் சிறுநீர் பீய்ச்சும், கடித்துக் கொன்றதும் உண்டு, ஆகவே பொறுமை தேவைதான். ஆனால் மணம் கலக்கும் வழிகள் எல்லாமே வித்து கலக்கும் வழிகள். அருகருகே வைத்த நாள்களை 30-க்குள் சேர்த்து எண்ணுபவர் எண்ணவே தொடங்கவில்லை என்று கொள்ள வேண்டும். இரு தரப்பின் முடிவும் வந்தபிறகு கூண்டுகள் நெருங்கட்டும், கம்பி வழியே விரலைக் கடிக்க முடியாத அளவு இடைவெளி விட்டு. மண் தொட்டி கடைசியில் பொதுவாகட்டும். எந்தத் தரப்பில் பூஞ்சை வளர்ந்திருந்தாலும், அந்தத் தரப்பில் சிகிச்சை முடிந்து அடுத்தடுத்து இரண்டு மாதிரிகள் வெறுமையாகத் திரும்பும்வரை தொட்டிகள் இரண்டாகவே இருக்க வேண்டும்; பழையதுதான் சிகிச்சையில் இருக்கிறது என்றால், அந்த மாதங்களில் அறைக்குள் அடைபட வேண்டியது அதுவே.